மலையேறாத மலையேறிகள்

மார்ச் 6, திங்கள்

விடிந்ததும் போனில் எங்கள் குழுவுக்குத் தாமரைப் படம் அனுப்பினேன். "காலை வணக்கம், மனம் மலரட்டும்" என்ற எழுத்து நானே போட்டது. மத்தியானம் வரை ஒரு பதிலும் இல்லை. மெய்-சின் தன் பேத்தி பல் காட்டும் படத்தைப் போட்டாள், இதயமாகக் கொட்டுகிறது. அந்தக் குழந்தைக்கு இருப்பதே ரெண்டு பல்!

எங்கள் ஊர்ப் பெயரோடு குழுவுக்கு "தைனான் மலையேறிகள்" என்று பெயர். எல்லாருக்கும் முட்டி போய்விட்டது. இப்போது படங்கள்தான் ஏறுகின்றன.

மார்ச் 9

வெங்காயத்தை வெட்டிக் கட்டிலடியில் வைத்தால் காய்ச்சல் அண்டாதாம். நாலு பேருக்கு உதவுமே என்று அனுப்பினேன். உடனே லியாவ் வாத்தியாரிடமிருந்து ஒற்றை வார்த்தை: "பொய்."

ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் எதைப் போட்டாலும் அந்த மனுஷனுக்கு இதே வேலை. போன வாரம் கறுப்பு எள், அதற்கு முன் வெந்நீர். கழுத்தறுப்பு!

(அறையில் வெங்காய நாற்றம் இன்னும் போகவில்லை. அது வேறு விஷயம்.)

மார்ச் 14

தூக்கமில்லை. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை — கண்ணை மூடினால் இதே நினைப்பு.

ஷின்சூவிலிருந்து மகள் ஜியா-ரொங் பேசினாள். "அம்மா, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வையேன்."

வைத்துவிட்டு? சுவரைப் பார்க்கவா? என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததிலிருந்து சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே போனைத்தான் சாய்த்து வைத்துக்கொள்கிறேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 17

அவர் நினைவு நாள். அலிஷான் மலையில் நாங்கள் ரெண்டு பேரும் பனியில் நிற்கும் படத்தைப் போட்டேன். கும்பிடும் கைகள் ஒன்றிரண்டு வந்தன. அடுத்து யாரோ பன்றி இறைச்சித் தள்ளுபடி விளம்பரம். அதற்கு ஆரவாரம்!

குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். போங்க, எல்லாரும் இறைச்சி வாங்கப் போங்க.

மார்ச் 18

யாரும் கேட்கவில்லை.

மார்ச் 19

இன்றும்தான். நான் போனதே தெரியவில்லையா? தெரிந்தும்...? படுக்கையை விட்டு எழ மனசில்லை.

மார்ச் 21

போன் அடித்தது. லியாவ் வாத்தியார்!

"என்னம்மா, உயிரோட இருக்கீங்களா?"

"இருந்தா என்ன, செத்தா என்ன உங்களுக்கு?"

"நாலஞ்சு நாளா ஒரு பொய்யும் வரல. கவலையாயிடுச்சு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊரே சும்மா இருக்கு, உங்களுக்கு மட்டும் என்னய்யா?"

"அவங்க யாரும் படிக்கறதில்லம்மா. நான் முழுசும் படிக்கறேன். அது சரியா தப்பான்னு தேடறதுல என் காலைப்பொழுது போகுது. வீட்டுல வேற யாரோட பேச? உங்க வீட்டுக்காரர் படத்தையும் பாத்தேன். அதுல திருத்த ஒண்ணுமில்ல. என்ன எழுதறதுன்னு தெரியாம விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன்.

மார்ச் 24

சந்தையில் வாத்தியாரோடு பால்மீன் கஞ்சி. சோப்பு ஏன் நுரைக்கிறது என்று ஒரு பாடம், கேட்டுத் தொலைத்தேன். தூக்கமில்லாததைச் சொன்னேன். "டாக்டர்கிட்ட போங்க. மறுபடி வெங்காயத்துகிட்ட போகாதீங்க."

மார்ச் 27

டாக்டரைப் பார்த்தேன். துக்கமும் தனிமையும் தூக்கத்தைத் தின்னும் என்றார். சின்னப் பெண்தான், பொறுமையாகக் கேட்டாள். மாத்திரை கொஞ்ச நாளைக்கு. தினமும் யாரையாவது நேரில் பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 29

குறும்பு தலைக்கேறியது. "இஞ்சிச் சாறு தேய்த்தால் வழுக்கையில் முடி முளைக்கும் — ஜப்பான் ஆராய்ச்சி." முழுக்க என் சொந்தக் கற்பனை. வாத்தியாருக்கு மட்டும் அனுப்பினேன்.

"பொய்" வரவேயில்லை. கோபமோ?

மார்ச் 30

கஞ்சிக் கடையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனால் ஏதோ கமகமவென்று.

"என்ன வாத்தியாரே வாசனை?"

தொப்பியைக் கழற்றினார். பளபள மண்டை மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது.

"பரிசோதிக்காம எதையும் பொய்யுன்னு சொல்லக்கூடாதில்ல?" என்றார், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

சிரித்த சிரிப்பில் கஞ்சி மூக்கில் ஏறிவிட்டது. கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.