மே நாலாம் தேதிக்குள்

பிப்ரவரி 3, செவ்வாய்

மனைவி ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாள். மருத்துவமனையில் நர்ஸ், இந்த வாரம் முழுக்கக் காலை ஷிஃப்ட். ஏழே முக்காலுக்கு மகள் பள்ளிக்கூடம் போனாள். அதற்குப் பிறகு நாலு மணி வரை இந்த மூன்றாம் மாடி வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். அதுவாவது அவ்வப்போது உறுமுகிறது.

சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். வேலை இல்லாதவனுக்கு அது போதும். பத்தேகாலுக்கு வந்த டிரைவர் வண்டியை நடைமேடையிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்தினார். கைத்தடியோடு நின்ற பெரியவர் சாலையில் இறங்கித்தான் ஏற வேண்டியிருந்தது. "ஒட்டி நிறுத்துய்யா!" என்று கத்தியேவிட்டேன். மூடிய கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, அவருக்குத் தெரியாத பாஷையில்.

இருபத்துநாலு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தோரு மாதம் ஆகிறது. ஒரு சைக்கிளைக்கூடத் தொடவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று யாரோடும் பேசவில்லை. பால் வாங்கும்போது தலையாட்டினேன். அதைப் பேச்சில் சேர்க்கலாமா?

பிப்ரவரி 17, செவ்வாய்

லைசென்ஸ் அலுவலகம். நம் ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது. முதலில் கார் டெஸ்டில் ஓட்டிக் காட்டி, அதற்கப்புறம்தான் பஸ்ஸைப் பற்றி யோசிக்க முடியும். மகள் அரை நாள் லீவு போட்டு எனக்காக வந்தாள். பதிமூன்று வயது. கவுண்டரில் இருந்த அம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. கேள்வியெல்லாம் அவளிடம்தான்.

"அப்பா, எத்தனை வருஷம் ஓட்டியிருக்கீங்கன்னு கேக்குறாங்க."

"இருபத்துநாலு."

சொன்னாள். அந்த அம்மாள் எதையோ தட்டினார், எதையோ சொன்னார்.

"என்னம்மா?"

"அது இங்க கணக்கு இல்லையாம். பூஜ்யம்னு போட்டுட்டாங்க."

தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். அவளே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி. மீதி விவரங்களை என் போனிலேயே நிரப்பினாள். அலுவலகத்திலிருந்து வரும் தகவல்களைப் படித்துச் சொல்வதும் இனி அவள் பொறுப்பு. எனக்குத்தான் ஒன்றும் புரியாதே.

பிப்ரவரி 26, வியாழன்

ஃபெயில். கார் ஓட்டிக் காட்டும்போது ஒரு சந்திப்பில் என் கை தானாக ஹாரனுக்குப் போய்விட்டது. இருபத்துநாலு வருஷப் பழக்கம், என்ன செய்வது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி துள்ளி விழுந்தார்.

மனைவி வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். சொன்னேன். "பரவால்லங்க, அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்றாள். சொல்லி முடிக்கும்போதே கண் மூடிவிட்டது. ஷூவை நான்தான் கழற்றினேன். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

மார்ச் 4, புதன்

எங்கள் டெப்போவிலிருந்து கடிதம். என்னோடு பதினோரு வருஷம் ஓடிய கண்டக்டர் அதைப் போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறான். என் சம்பளமில்லா விடுப்பு இரண்டு வருஷமும் முடியப் போகிறது. மே நாலாம் தேதிக்குள் வேலையில் சேர வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட்டதாகக் கருதப்படும்.

கூடவே அவன் குரல் பதிவு: "அண்ணே, வாங்கண்ணே. நீங்க இல்லாம வண்டில சிரிப்பே இல்ல."

நாலு தடவை கேட்டேன். 'வந்துடுறேன்னு சொல்லு' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இந்த ஊர் மருத்துவமனையின் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னால், "நீங்களும் வந்தாத்தான் போவேன்" என்றாள். "போலாம் வா, உலகத்தைப் பாக்கலாம்" என்றவன் நான்.

மார்ச் 5, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

சாப்பிடும்போது மகள் தன் சிநேகிதியைப் பற்றி நிறையப் பேசினாள். சுருட்டைமுடிக்காரி. மூன்று பூனை வளர்க்கிறாளாம். மத்தியானம் இரண்டு பேரும் டப்பாவை மாற்றிச் சாப்பிடுவார்களாம். இவளுக்காவது இங்கே ஒட்டிவிட்டதே என்று இருந்தது. அப்போ நான் மட்டும் போனால் போதும் - அப்படியும் ஒரு கணக்குப் போட்டது மனது. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் போட்டது.

மார்ச் 20, வெள்ளி

பள்ளியில் பெற்றோர் கூட்டம். மனைவிக்கு ட்யூட்டி. நான்தான் போனேன், மொழிபெயர்க்க மகள். வகுப்பாசிரியை சின்ன உருவம், சாந்தமான முகம். என் கண்ணைப் பார்த்து நிதானமாக ரொம்ப நேரம் பேசினார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"நல்லாப் படிக்கிறேனாம்."

"இவ்ளோ நேரம் பேசினாங்களே?"

"இந்த பாஷையே நீளம்ப்பா."

சிரித்துவிட்டேன். ஆசிரியை சிரிக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

சண்டை. ஒன்றுமில்லாததற்கு. துணி காயப்போட மறந்துவிட்டேன். நாளைக்குப் போட யூனிஃபார்ம் இல்லை என்றாள் மனைவி. அவ்வளவுதான். நான் வெடித்தேன்.

"எனக்கு என்னதான் வேலை இந்த வீட்டுல? துணி, பாத்திரம், துணி, பாத்திரம்!"

"நான் மட்டும் சுத்திப் பாக்கவா வந்தேன்? காலைலேருந்து பதினாறு பேரைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வச்சிட்டு வர்றேன். என் இடுப்பு எங்க இருக்குன்னே தெரியல."

அவள் ஈர யூனிஃபார்மை அயர்ன் பாக்ஸால் தேய்த்தே காயவைத்தாள். ஆவி எழும்பிக்கொண்டே இருந்தது. மகள் தன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

ஏப்ரல் 9, வியாழன்

தபால் பெட்டியை எப்போதும் மகள்தான் திறப்பாள். இன்று அவளுக்குப் பள்ளியில் கூடுதல் வகுப்பு. நான் திறந்தேன். பெற்றோருக்கு என்று பள்ளியிலிருந்து ஒரு உறை.

நான் வாரம் ஒருமுறை போகும் பாஷை வகுப்பில் கொடுத்த அகராதியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தேன். ஐந்து வாக்கியம். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் தமிழில் எழுதினேன்.

உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள். இடைவேளைகளில் தனியாக இருக்கிறாள். தனியாகச் சாப்பிடுகிறாள். வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை. மார்ச் மாதம் உங்களிடம் நேரில் சொன்னபடி, இது எனக்குக் கவலையாக இருக்கிறது.

'நேரில் சொன்னபடி'யில் அப்படியே நின்றுவிட்டேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று அகராதியை மறுபடி பார்த்தேன். தப்பில்லை. இந்தப் பாஷையில் நான் தனியாகப் படித்து முடித்த முதல் கடிதம்.

ஏப்ரல் 10, வெள்ளி

கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக, பள்ளிவரை நடந்து போனேன். நாற்பது நிமிஷம். மத்தியான மணி அடிக்கும்போது வேலிக்கு வெளியே ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். யாராவது பார்த்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

கட்டடத்தின் கடைசியில், யாரும் போகாத பக்கத்தில், இரண்டு படி. அதில் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா. முழங்காலில் ஒரு புத்தகம். பத்து நிமிஷம் பார்த்தேன், பக்கத்தைத் திருப்பவே இல்லை. நான் காலையில் வைத்துக் கொடுத்ததை ஒவ்வொரு வாயாகத் தின்று தீர்த்தாள். யாரிடமும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

மைதானத்து நடுவில் சுருட்டைமுடியோடு ஒரு பெண் நாலைந்து பேரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் இருக்கும். இவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் டப்பாவை மூடினாள்.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன்னு தெரியல. 'இவளுக்கு ஒட்டிடுச்சு, நான் போலாம்'னு கணக்குப் போட்டவன்டா நீ. நல்ல அப்பன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இந்த வாரம் மூன்று பேரும் வீட்டில் இருந்த ஒரே நாள். காலைச் சாப்பாடு முடிந்ததும், "ரெண்டு பேரும் எழுந்திரிக்காதீங்க, ஒண்ணு சொல்லணும்," என்றேன். மகளைப் பற்றி ஆரம்பிக்க வாய் வரவில்லை. அதனால் என்னுடையதை முதலில் சொன்னேன். டெப்போ கடிதம். மே நாலு. நான் அனுப்பிய பதில்.

மனைவி கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தாள். மகள் சொன்னாள்: "தெரியும்."

"எப்ப?"

"மார்ச்லயே. லைசென்ஸ் ஆபீஸ் மெசேஜ் வந்திருக்கான்னு உங்க போன்ல தேடினேன். கண்டக்டர் மாமா அனுப்பினது இருந்துச்சு. நீங்க வந்துடுறேன்னு போட்டதும் இருந்துச்சு."

"ஏம்மா கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

பள்ளிக் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். மேலே முழுக்க என் பென்சில் எழுத்து. அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இதைச் சொன்னா, எனக்காகத்தான் ஊருக்குத் திரும்பிட்டோம்னு ஆயிடும். அம்மா வேலை போயிடும். நான் காரணமா இருக்க மாட்டேன்ப்பா." அப்புறம் அழுதாள். இருபத்துமூன்று மாதத்தில் அவள் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

மனைவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்கு. அப்பாவும் பொண்ணும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க." அப்புறம் அவளே: "நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. ட்யூட்டி முடிஞ்சதும் பாத்ரூம்ல உக்காந்து பத்து நிமிஷம் அழுதுட்டுத்தான் பஸ் ஏறுவேன். இங்க வந்து அழுதா நீங்க ரெண்டு பேரும் என்ன ஆவீங்க?"

கடைசியில் என்னிடம் சொன்னாள்: "போறதா இருந்தா போங்க. தடுக்க மாட்டேன். ஆனா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

ஏப்ரல் 15, புதன்

மகளோடு பள்ளிவரை நடந்தேன். "ஊருக்குப் போயிடலாமா?" என்று கேட்டேன்.

"அங்க போனாலும் நான் புதுசுதான்ப்பா. என் ஃபிரண்ட்ஸ் இப்ப பதிலே போடறதில்ல. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஒரு தடவ ஆரம்பிக்கறதுக்கே நாக்கு தள்ளிடுச்சு."

பதிமூன்று வயதுக்கு இது பெரிய களைப்பு.

வாசலில் திரும்பி நின்றாள். "நீங்க போறீங்களா?"

"தெரியலம்மா."

"தெரிஞ்சா எனக்கு முதல்ல சொல்லுங்க. போன்ல பாக்க வைக்காதீங்க."

ஏப்ரல் 27, திங்கள்

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நாலு வரி. அதற்கு மூன்று தாள் வீணானது.

பெருந்தன்மை எல்லாம் கிடையாது. அந்த வண்டியை இப்போதும் விட மனசில்லை. ஆனால் இந்த வீட்டில் மூன்று பேரும் களைத்துப்போய்க் கிடக்கிறோம். அதில் ஒருத்தன் எழுந்து போய்விட்டால் மற்ற இரண்டு பேரின் களைப்பு குறையுமா? கூடத்தான் செய்யும். வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மகளிடம் முதலில் சொன்னேன். "ம்," என்றாள். மனைவியிடம் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவளும் "ம்," என்றாள். ஆனால் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

மே 4, திங்கள்

கண்டக்டர் கூப்பிட்டான். "அண்ணே, நம்ம வண்டிக்குப் புது ஆளு. மொத நாளே பிரேக்க மிதிச்ச மிதியில பின்சீட்டுக் கிழவி முன்சீட்டுக்கு வந்துட்டாங்க. டிக்கெட்ட மாத்தித் தரவாம்மான்னு கேட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். "வைக்கறேண்ணே," என்றான்.

கழுவின பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து குழாயை மூடினாள்.

மே 12, செவ்வாய்

பாஷை வகுப்பு டீச்சரம்மா சொல்லி ஒரு வேலை. பஸ் பணிமனையில் வண்டி கழுவுவது, காலை நாலு மணி நேரம். டிரைவராக இருந்தவன் துடைப்பத்தோடு ஏறுகிறேன். முதல் நாள் ஆறு வண்டி. சீட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த பபிள்கம்மைச் சுரண்டும்போது நினைத்தேன், நம் ஊரில் இதைச் செய்தவர் பேரைக்கூட நான் கேட்டதில்லை.

இடுப்பு விட்டுப்போச்சு. மனைவிக்கு எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

மே 28, வியாழன்

இரண்டாவது டெஸ்ட். ஃபெயில்.

ஹாரனைத் தொடவில்லை. கண்ணாடி பார்த்தேன், தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தேன், எல்லாம் சரி. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது முப்பதில் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டில் ஊர்ந்தேனாம். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. "பயமா?" என்று தேர்வு அதிகாரி கேட்டார். கேள்வி புரிந்தது. "பயம் இல்லை. பள்ளிக்கூடம்," என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே ஃபெயில் போட்டார்.

மகள் வகுப்பு முடிந்து நேராக வந்து லைசென்ஸ் அலுவலக வாசலில் காத்திருந்தாள்.

"ஃபெயில்," என்றேன், அவள் கேட்கும் முன்பே. காரணத்தையும் சொன்னேன். "பன்னெண்டா? நடந்தே போயிருக்கலாமேப்பா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உனக்கு இன்னைக்கு?"

"தனியாத்தான் சாப்பிட்டேன்." நாலு எட்டு நடந்த பிறகு, "ஆனா உள்ள உக்காந்து சாப்பிட்டேன். எல்லாரும் இருக்கற ஹால்ல. ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

"நாளைக்கு?"

"பாக்கலாம்."

மனைவி வந்ததும் வாசலிலேயே, "என்னாச்சு?" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து "ஃபெயில்!" என்றோம். பையைக் கீழே வைத்தாள். "என்னையும் சேத்துக்கோங்க. இன்னைக்கு ஒரு அம்மாவுக்கு மூணு தடவ குத்தியும் நரம்பு கிடைக்கல. வேற நர்ஸைக் கூப்பிடுன்னு கத்திட்டாங்க." சொல்லிக்கொண்டே எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள், அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மூன்றாவது டெஸ்டுக்கு ஜூன் பதினெட்டு கிடைத்தது. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். மகள் இரண்டு எழுத்துப் பிழை கண்டுபிடித்தாள்.