நோயாளி ஆவுடையப்பன்

நாள் 212, காலை 07:10
வியாழன் கோளின் நிலவான காலிஸ்டோவில் உள்ள ஆய்வுக்கூடம். எழுதுவது டாக்டர் பிலோமினா, மூளை மருத்துவர், பேச்சுக் கோளாறு ஆய்வாளர். உடன் இருப்பவர் பொறியாளர் ஆவுடையப்பன். மூன்றாவது ஆள் கிடையாது.

காற்றழுத்தம் சரி. வெப்பநிலை சரி. காபி வழக்கம்போல் வாயில் வைக்க முடியவில்லை.

விண்வெளியில் நெடுந்தூரம் போய்த் திரும்புகிறவர்களில் சிலர் சொற்களைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள். தம்ளரைக் காட்டினால் பெயர் வராமல் திணறுகிறார்கள். மூளையில் எது கெடுகிறது என்று பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள். கையில் கிடைத்த ஒரே ஆள் ஆவுடையப்பன் என்பதால் வாராவாரம் அவரைச் சோதிக்கிறேன். படம் காட்டினால் பெயர் சொல்ல வேண்டும். இன்றும் முழு மதிப்பெண். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை இலவசம். திருநெல்வேலிக்காரரின் வாயை மூட எந்த மருத்துவத்திலும் வழியில்லை.

நாள் 214, மாலை 16:40
மின்பலகை அறையில் தீ. நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். புகையில் நினைவு தப்பிவிட்டது. ஆவுடையப்பன் கொதிக்கும் இரும்புக் கதவை வெறுங்கையால் திறந்து என்னை இழுத்துப் போட்டிருக்கிறார். அவருடைய இரண்டு கைகளும் வெந்துவிட்டன. விரல் நுனிவரை கட்டுப் போட்டிருக்கிறேன். பேனா பிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

மையக் கணினி போயிற்று. சுவர்த் திரைகள், பெரிய ஆன்டெனா, பேச்சை எழுத்தாக்கும் நிரல் எல்லாம் அதோடு போயிற்று. மிச்சம் இந்தக் கைக்கணினி, ஆபத்தைப் பேசி அறிவிக்கும் எச்சரிக்கைக் குரல், சின்ன ஆன்டெனா. ஒரு ஒலிப்பதிவு அதன் வழியே பூமிக்கு ஊர்ந்து போய், பதில் எழுத்தில் வந்து சேர ஒரு வாரம் பிடிக்கும்.

எனக்குத் தலைவலி. காது இரைகிறது. என் குரலே யாரோ பேசுவதுபோல் இருக்கிறது. புகைதான் காரணம்.

நாள் 215, காலை 08:00
ஆவுடையப்பனின் பேச்சு குலைந்துவிட்டது.

கண் விழித்ததும் சரளமாகப் பேசினார். ஏற்ற இறக்கம், கேள்வி கேட்கும் தொனி எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் இருந்தது. மூளையில் இடப்பக்க நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் அடிபட்டால் இப்படித்தான் பேசுவார்கள்.

புகையில் அதிக நேரம் கிடந்தவள் நான். அடி விழுந்தது அவருக்கு. மனசு கேட்கவில்லை.

நாள் 216, காலை 10:20
விசித்திரம். இந்த நோய் வந்தவர்களுக்கு அடுத்தவர் பேசுவதும் புரியாது. இவருக்குப் புரிகிறது! கண்ணை மூடச் சொன்னேன், மூடினார். இடது காலைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார்.

"உங்கள் பேச்சு தப்பாக வருவது தெரிகிறதா?" என்று கேட்டேன். இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார். தன் நோய் தனக்கே தெரியாமல் இருப்பதும் இந்த நோயின் அடையாளம்தான்.

சரளமாகப் பேசியும் சொற்கள் மட்டும் சிதைந்து, புரிதல் முழுதாக நிற்கும் ஒருவரை இதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. ஒரு புதிய நோயை நான் கண்டுபிடித்திருக்கிறேன். இந்த நிலைமையிலும் சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

கட்டுப்போட்ட கையால் என் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். காதுவலி போலும். அவர் காதைச் சோதித்தேன், சுத்தமாக இருக்கிறது. அவருடைய பேச்சுப் பதிவுகளைப் பூமிக்கு அனுப்பத் தொடங்கினேன்.

நாள் 217, பகல் 13:15
எச்சரிக்கைக் குரலும் கெட்டுவிட்டது. உள்ளே ஏதோ கருகியிருக்க வேண்டும், ஓயாமல் உளறுகிறது. நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியதும் ஆவுடையப்பன் வெறிபிடித்தவர்போல் ஆகிவிட்டார். என்னைத் தோளால் இடித்து, விசையை முழங்கையால் தட்டப் பார்த்தார். நான் மறித்தேன். அவரைத் தனியே வைக்க மூன்றாம் அறையைத் தயார் செய்தேன். அந்தப் பக்கம் வரவே மறுத்தார். மயக்க ஊசி போட்டுத்தான் கொண்டுபோக முடிந்தது. கதவை வெளியே பூட்டியிருக்கிறேன். அவர் நன்மைக்குத்தான்.

இந்தக் கத்தலையும் பதிவு செய்து அனுப்பினேன். ஆய்வுக்கு அருமையான மாதிரி.

நாள் 220, காலை 09:00
சோர்ந்து கிடக்கிறார். தலையைப் பிடித்துக்கொள்கிறார், வாந்தி எடுக்கிறார். மூளை வீக்கம் கூடுகிறது என்று மருந்தை இரட்டிப்பாக்கினேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் மெல்லிய குரலில் அதே உளறலை ஆரம்பிக்கிறார். ஒரே ஒலிவரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அதையும் குறித்துக்கொண்டேன்.

கொஞ்சம் பாட்டுக் கேட்கலாம் என்று போட்டேன். மெட்டு கேட்கிறது, வரிகள் கேட்கவில்லை. ஒலிபெருக்கியும் போயிற்று.

நாள் 223, காலை 11:32
பூமியிலிருந்து எழுத்துச் செய்தி. அப்படியே தருகிறேன்.

*"டாக்டர் பிலோமினா, உடனே செயல்படவும். நீங்கள் அனுப்பிய பதிவுகளை நாங்கள் எல்லோரும் கேட்டோம். ஆவுடையப்பன் தெளிவாகப் பேசுகிறார். கோளாறு உங்களுக்கு. எழுதவும் படிக்கவும் பேசவும் உங்களால் முடிகிறது. காதில் விழும் பேச்சு மட்டும் சொல்லாகப் புரியவில்லை. நாள் 217இல் அவர் சொன்னது இது: 'அக்கா, நான் நல்லாத்தான் பேசுதேன். உங்களுக்குத்தான் கேக்க மாட்டேங்கு. அந்த எச்சரிக்கைய அமத்தாதீங்க. மூணாம் ரூம் சுவத்துக்குள்ள வயரு இன்னும் பொகைஞ்சுக்கிட்டு கெடக்கு. வெசவாயு வருதுன்னு அது சொல்லுது. என்னைய அங்க போடாதீங்க அக்கா.' அவரை வெளியே எடுங்கள். அவர் மனைவியும் மகள் கோமதியும் இங்கேயே காத்திருக்கிறார்கள்."*

நாள் 223, பகல் 12:10
வெளியே எடுத்துவிட்டேன். உயிர் இருக்கிறது. ஆக்சிஜன் முழு வேகத்தில். உதடு வெளுத்திருக்கிறது, இதயம் தாறுமாறாக ஓடுகிறது. மூன்றாம் அறையை அடைத்து, சுவருக்குள் தீயணைப்பானைப் பீய்ச்சினேன்.

எச்சரிக்கைக் குரலைத் திரும்பப் போட்டேன். எனக்கு அது இப்போதும் உளறல்தான். கண்ணாடி முன் நின்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். சொல்ல வருகிறது. கேட்க வரவில்லை.

கோமதி காத்திருப்பதாக அவரிடம் சொன்னேன். அழுதார். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். ஏதோ சொன்னார். திட்டினாரோ தேற்றினாரோ, எனக்குத் தெரியவில்லை.

நாள் 223, மாலை 17:45
ஒலிப்பதிவுக் கருவியை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூமிக்குப் போகும் என்று சொன்னேன். நிறையப் பேசினார். நடுநடுவே மூச்சு வாங்கியது. கைப்புண் சீழ் பிடித்திருக்கிறது, வேதனையில் உடம்பு துள்ளுகிறது.

"வலிக்கிறதா?" என்றேன். ஆமாம் என்று தலையசைத்தார். "ஊசி போடட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மறுபடி பேசினார். குரல் உயர்ந்தது.

வலியில் துடிக்கிறவர்கள் வீம்புக்கு வேண்டாம் என்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போட்டேன். முகம் தளர்ந்து தூங்கிவிட்டார். பதிவை அனுப்பியாயிற்று.

நாள் 224, காலை 05:50
ஆவுடையப்பன் விழிக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. முடிந்தவரை அழுத்திப் பார்த்தேன். பூமிக்கு இதை எழுத இன்னும் மனம் வரவில்லை.

கடைசியில் வலி இல்லாமல் போனார். இத்தனை தப்புக்கு நடுவே அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன்.

நாள் 230, காலை 11:05
பூமியிலிருந்து.

*"பதிவு கிடைத்தது. பெரும்பகுதி உங்களுக்கானது. காற்று வடிகட்டியை எப்படி மாற்றுவது, எச்சரிக்கையை எப்படி விளக்கோடு இணைப்பது என்று படிப்படியாகச் சொல்லியிருக்கிறார். தனியே அனுப்புகிறோம். முடிவில் இப்படி இருக்கிறது: 'இவ்ளோதான் அக்கா உங்களுக்கு. இனி எம்புள்ளைக்கு. ஊசி இப்ப வேண்டாம். போட்டா தூங்கிருவேன். வலிச்சா வலிக்கட்டும், ஒரு நிமிசம் பொறுங்க. அக்கா, வேண்டாம், அக்கா... கோமதி, அப்பா பேசுதேம்மா. நீ...' இதோடு நிற்கிறது. கோமதி பக்கத்திலேயே இருக்கிறாள். மீதிப் பதிவை உடனே அனுப்பவும்."*

நாள் 230, காலை 11:40
பூமிக்கு. அவர் இறந்துவிட்டார். மீதிப் பதிவு இல்லை. அவர் வேண்டாம் என்றார், நான் போட்டுவிட்டேன். கோமதியிடம் இதை யாராவது