வயலில் பாய்ந்த குதிரைகள்

ஐப்பசி 12, ஞாயிறு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மேசைமேல் சோழர், பாண்டியர் பொம்மைப் படைகளை நிறுத்தி நண்பர் நஸீரும் நானும் போர் விளையாடுகிறோம். வாங்கிய விதிப்புத்தகம் போதாதென்று நானே ஒரு விதி சேர்த்திருந்தேன்: நம் ஊர் வயல் சேறு, அதில் குதிரை பாதித் தூரம்தான் போகலாம். போன வாரம் அவரும் தலையாட்டினார்.

இன்று அதை நம்பி என் வில்லாளிகளை வயலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். நஸீர் ஸ்கேலை வைத்து முழுத் தூரம் அளந்து, குதிரைகளை வயலின் குறுக்கே கொண்டுவந்து அத்தனை பேரையும் சாய்த்துவிட்டார்.

"சேறுங்க, பாதிதான்!" என்று கத்தினேன்.

"அறுப்பு முடிஞ்ச வயல்ல ஏதுங்க சேறு? காஞ்சு வெடிச்சில்ல கெடக்கும்!"

அதிராம்பட்டினத்து ஜவுளிக்கடைக்காரர் எனக்கு வயலைச் சொல்லிக்கொடுக்கிறார்! வலங்கைமானில் முழங்கால் சேற்றில் நின்று வளர்ந்தவன் நான். ஆட்டத்தை நிறுத்தி, டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

இப்போதுதான் விதித்தாளைப் பிரித்தேன். மேலே என் கையெழுத்தில் கொட்டை எழுத்தாக இருக்கிறது: 'போர் நடப்பது மாசி மாதம்.' என் யானைகள் இறங்கிக் கடக்க ஆறு வற்றியிருக்கட்டும் என்று, அவரிடம் நானே கேட்டு வாங்கிய மாசி.