ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம்

மார்ச் 4
பதிப்பாளர் மறுபடி போன். "மேடம், விண்வெளி நாவல்னா கண்ணை மூடிட்டு அச்சடிப்பேன். காதைப் பத்தி யாரு மேடம் படிப்பாங்க?"
காது இருக்கிறவங்க படிப்பாங்க என்றேன். எரிச்சலில் வந்த பதில். இல்லாத கிரகங்களைப் பற்றி இத்தனை காலம் கதை அளந்தாயிற்று. என் கணவருக்கு இரண்டு காதும் கேட்காமல் போனபோது, அவர் தலைக்குள் என்ன நடக்கிறதென்று ஒரு வரி சரியாகச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. அதற்காகத்தான், கற்பனையே கலக்காமல், இந்தப் புத்தகம்.

மார்ச் 9
ஏழாம் அத்தியாயம் முடிந்தது! அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் வைத்த கருவியை முதன்முதலாக ஓடவிடுகிறார்கள். நான் பேசுகிறேன். என் குரல் கேட்டு அவர் அழுகிறார்.
ஒரே ஒரு சிக்கல். கருவியை ஓடவிடப்போவது நாளை மறுநாள்.

மார்ச் 11
கருவியை ஓடவிட்டார்கள். நான் பேசினேன். அவர் அழவில்லை. முகம் சுளித்தார்.
"எலி கத்துற மாதிரி இருக்கு. நீயா பேசுற?"
சிரித்துச் சமாளித்தேன். காது டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "மூளை இதுக்குப் பழகணும்மா. சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு மாசக்கணக்காகும். எவ்வளவு தெளிவா வரும்னு இப்பவே சொல்ல முடியாது" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவரிடம் எழுதிக் காட்டியே பேசினேன்.

மார்ச் 12
எலியாம்! இத்தனை வருஷம் கேட்ட குரல்.

மார்ச் 20
அவர் அழுகிற அந்தக் கடைசிப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டால் என்ன? யார் வந்து கேட்கப்போகிறார்கள்? நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்னாடியே எழுதியிருக்கிறேன், அவ்வளவுதானே. நடக்குமா? நடக்காவிட்டால்?
நாவலில் இந்த இடத்தில் நான் தயங்கியதே கிடையாது.

மார்ச் 23
அத்தியாயத்தை அவர் படித்துவிட்டார். மேஜையில் கவனமில்லாமல் வைத்திருந்தேன். கவனமில்லாமலா?
"நல்லா இருக்கு. யாரு இந்த ஆளு?"
நீங்கதான் என்று எழுதிக் காட்டினேன்.
"நான் இல்ல. இந்தாளுக்குக் கேக்குது. இதை அச்சுல போட்டா என்னை மாதிரி ஒருத்தன் நம்பிப் போய் உக்காருவான். எலிச் சத்தம் கேட்டதும், தனக்கு மட்டும்தான் எல்லாம் போச்சுன்னு நினைச்சுக்குவான்."
எனக்கு வந்ததே கோபம்! கதவை அறைந்து சாத்தினேன். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

மார்ச் 24
கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அவரை எதிரே உட்காரவைத்து, எது எப்படிக் கேட்கிறதென்று ஒவ்வொன்றாக எழுதிக் காட்டிக் கேட்டேன். குழாய்த் தண்ணீர்? "தகரத்துல ஆணி கொட்டுற மாதிரி." டிவியில் செய்தி? "எல்லாரும் ஒரே ஆளு பேசுற மாதிரி." என் குரல்?
"உன் வாய் அசையுது. வேற யாரோ பேசுறா. பயமா இருக்கு."
அப்படியே எழுதினேன். இதுதான் இனி புத்தகத்தில்.

ஏப்ரல் 15
பதிப்பாளர் போன். "முடிவு அந்தரத்துல தொங்குதே மேடம்? சந்தோஷமா ஒரு வரி…"
நடந்தா எழுதறேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அச்சுக்கு அனுப்பினார்.

ஏப்ரல் 30
ஒன்றும் மாறவில்லை. தினமும் அவருக்குச் செய்தித்தாளை உரக்கப் படிக்கிறேன். எனக்கே என் குரல் சலித்துவிட்டது.

ஜூன் 2
புத்தகக் கட்டு வந்தது. அட்டையில் காதுப் படம் தலைகீழ்! பதிப்பாளரை போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து அறையிலிருந்து, என் முகமே தெரியாத இடத்திலிருந்து, அவர்:
"போதும் விடு, பாவம் அந்தாளு. நீ இந்தக் குரல்ல ஆரம்பிச்சா லேசுல நிறுத்த மாட்டியே."
போனை எங்கே வைத்தேனோ தெரியாது. அவர் முன்னால் போய் நின்றேன்.
"ஏன் நிறுத்திட்ட?" என்றார். "பேசு."