உன் இங்கிலீஷும் என் மனுவும்

நேற்று உன் மகள் வந்திருந்தாள். உன் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் பொன்மலைக்கு அக்காரவடிசல் கொண்டுவந்தாள், ஒரு தூக்குச்சட்டி நிறைய. அவள் எதிரிலேயே மூடியைத் திறந்து, முகர்ந்து, கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிப் பார்த்தேன். நெய் மணம் கூடம் முழுக்கப் பரவியது. அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நன்னாத்தான் இருக்கும் மாமி" என்றாள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "அது அவ அப்பா குடுத்த சீதனம், ஒண்ணும் நெனச்சுக்காதே" என்று அவளுக்குச் சொல்லியிருப்பாய்.

உண்மைதான். அப்பாவுக்கு ரயில்வே பட்டறை வாசலில் காவல் வேலை. சங்கு ஊதியதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறவர்களின் தூக்குச்சட்டிகளைத் திறந்து, சோற்றுப் பருக்கைக்கு அடியில் பித்தளைத் துண்டு ஏதாவது போகிறதா என்று பார்ப்பார். "சிரிச்சுக்கிட்டே வர்றவன் சட்டியத்தான் மொதல்ல தொறக்கணும்" என்பார். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் அப்படியே இருக்கும். பால்காரர் நலம் விசாரித்தால் அன்றைக்குப் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பார். நான் அவர் மகள். அதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை.

காலேஜில் முதல் நாள் என்னைப் பார்த்துச் சிரித்தவள் நீ. போதாதா எனக்கு? இவளுக்கு என்ன வேண்டும் என்று அன்று முழுவதும் யோசித்தேன். மத்தியானம் உன் புளியோதரையில் பாதியை என் பக்கம் தள்ளினாய். என் சட்டியில் இருந்ததை நீ தொடவில்லை. "ஆத்துல தெரிஞ்சா அம்மா கொன்னுடுவா" என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். கொடுப்பாய், வாங்கமாட்டாய். அப்பாவிடம் சொன்னபோது, "ஜாக்கிரதையா இரு" என்று மட்டும் சொன்னார்.

இன்டர்மீடியட் முதல் வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு வந்தவள் நான். இங்கே தாவரங்கள் எல்லாம் இங்கிலீஷில் முளைத்தன. பாடம் நடக்கும்போது நீ எழுதுவதைப் பார்த்து நானும் எழுதுவேன், என்ன எழுதுகிறேன் என்று தெரியாமலே. அரையாண்டுப் பரீட்சையில் இரண்டு பாடம் போய்விட்டது. மறு வாரமே, முன்னேற்றம் போதவில்லை, ஸ்காலர்ஷிப் நிறுத்தப்படுகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். யாரோ ஒரு வியாபாரி ஏழைப் பெண்களுக்காக வைத்துவிட்டுப் போன உதவி அது. ஒருத்திக்கு நின்றால் வரிசையில் அடுத்தவளுக்குப் போகும்.

அடுத்தவள் நீ.

எனக்கு அது நின்றால் படிப்பும் நின்றது. வையம்பட்டியில் அத்தை மகன் கடலைக்காட்டோடு காத்துக்கொண்டிருந்தான். "படிச்சது போதும்னு சொல்ல ஒரு சாக்கு கெடைக்கட்டும்" என்று அத்தை வாய்விட்டே சொல்லியிருந்தாள். உன் கதையும் ஏறக்குறைய அதுதான். அந்த உதவி கிடைத்தால் இரண்டாம் வருஷம் உண்டு, இல்லாவிட்டால் உன் அப்பா உன்னை நிறுத்திவிடுவார். இது எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட நீதான் வந்து, "காலேஜ் முதல்வருக்கு ஒரு மனு குடுத்துப் பார்க்கலாம்டி, நான் எழுதித் தரேன்" என்றாய்.

மறுநாள் எழுதிக்கொண்டு வந்தாய். முத்து முத்தான கையெழுத்து, அதில் பாதிக்கு மேல் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. என் கையால் பிரதி எடுத்துக் கொடுக்கச் சொன்னாய். நானா கொடுப்பேன்? எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு வீடு தள்ளி ஒரு ஆங்கிலோ-இந்திய என்ஜின் டிரைவர் குடும்பம் இருந்தது. அந்த அம்மாவிடம் கொண்டுபோய், இதில் எனக்குக் கெடுதலாக ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றேன். படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா இருக்கு, பாப்பா. யார் எழுதினாங்க? எனக்கே அழுகை வருது" என்றார். அப்பாவிடம் சொன்னேன். "ஒண்ணுமே இல்லாத சட்டின்னா இன்னும் நல்லாப் பாக்கணும்" என்றார். வேறு வழியில்லாமல் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

முதல்வர் கூப்பிட்டு அனுப்பிய அன்று நீயும் கூடவே வந்தாய். நான் முழுகுவதைப் பார்க்க வருகிறாய் என்று நினைத்தேன். உன்னை வராந்தாவில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அந்தத் தேக்குக் கதவு எனக்குப் பின்னால் கனமாக மூடிக்கொண்டது.

முதல்வர் அம்மாள் எப்போதும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் பேசுவார். ஒரு கையில் என் மனு, இன்னொரு கையில் என் இங்கிலீஷ் விடைத்தாள்.

"இதை எழுதினது நீதானா?"

"நான்தான் மேடம்."

"அப்படியா? இந்த வரிக்கு என்ன அர்த்தம், சொல்லு."

அந்த வரி எனக்கு அர்த்தம் தெரியாத பாதியில் இருந்தது. ஆக, இதுதான் நீ வைத்த பொறி என்று புரிந்தது. மோசமாக எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன் என்று, நான் எழுதியிருக்கவே முடியாதபடி நன்றாக எழுதிக் கொடுத்திருக்கிறாய். அந்த நிமிஷம் உன்மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கதவு திறந்தது. நீ உள்ளே வந்தாய்.

"மேடம், அதை எழுதினது நான்."

"இவ, நான்தான் எழுதினேன்னு சொல்றாளே?"

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "இல்லை மேடம். அது என்னோட இங்கிலீஷ்."

"லிஸ்ட்ல அடுத்த பேர் உன்னோடது. தெரியுமா?"

"தெரியும் மேடம்."

அப்பா சட்டியைப் பார்ப்பதுபோல உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. உன்னைச் சிரிக்காமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதல்வர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "உனக்குத் தெரிஞ்ச பாஷையில நீயே எழுது." நான் தமிழில் எழுதினேன். 'வகுப்பில் சொல்வது எனக்குப் புரியவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. நின்றுவிட்டால் கல்யாணம் செய்துவிடுவார்கள். எனக்குப் படிக்க வேண்டும்.' படித்துவிட்டு, "இதை மொதல்லயே எழுதறதுக்கென்ன?" என்றார். வருஷப் பரீட்சை வரைக்கும் உதவி தொடரட்டும், அதிலும் தவறினால் பேச்சே இல்லை என்றார். உன்னைப் பார்த்து, "நீ போகலாம்" என்றார். அவ்வளவுதான்.

தெப்பக்குளத்துப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது உன்னை விடவில்லை நான். "எதுக்குடி உள்ள வந்தே? உண்மையச் சொல்லு."

நீ ஒளிக்கவில்லை. "தப்பும் தவறுமா எழுதித் தரணும்னுதான்டி முதல்ல உக்காந்தேன். எனக்கும் படிக்கணுமே. ஆனா கை வரலை. எழுத எழுத நன்னா வந்துடுத்து, எனக்கே பெருமையாப் போயிடுத்து."

"சரி, உள்ள ஏன் வந்தே?"

"நான்தான் எழுதினேன்னு கூசாம சொன்னியே, அது காதுல விழுந்தது. பொறுக்கலை. என் இங்கிலீஷை நீ எப்படி உன்னோடதுன்னு சொல்லலாம்?"

நான் நம்பினேன். ஒருத்தி தன்னைத்தானே மட்டமாகச் சொல்லிக்கொண்டால் அதில் பொய் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. நிம்மதியாகவும் இருந்தது. உனக்கு நான் கடன் ஒன்றும் பட்டிருக்கவில்லையே.

அந்த வருஷத்தோடு நீ நின்றுவிட்டாய். டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டாய், கல்யாணமாகி மதராஸ் போனாய், பல வருஷம் கழித்து ஸ்ரீரங்கத்துக்கே திரும்பினாய். நான் தட்டுத்தடுமாறித் தேறி, பயிற்சி முடித்து, டீச்சரானேன். அத்தை மகனுக்கு வேறு பெண் கிடைத்தாள். உன் எதிர்வீட்டு மாமிக்குத் தெரியும்படியே என் வீட்டுக்கு வந்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவளாக நீ மாறியிருந்தாய். எப்போதாவது நான் அந்தப் பழைய பேச்சை எடுத்தால், "என் எழுத்தைத் திருடினவதானே நீ!" என்று அடக்கிவிடுவாய்.

நான் ஓய்வு பெற்றபின் ஒருநாள், ஒரு பெண்ணைச் சேர்க்கும் விஷயமாக அந்தக் காலேஜுக்குப் போனேன். முதல்வர் வேறு, அறை அதேதான், தேக்குக் கதவும் அதேதான். உள்ளே ஆள் இருக்கிறார்கள், நில்லுங்கள் என்றார்கள். நீ நின்ற அதே வராந்தாவில் நின்றேன். வெகுநேரம் நின்றேன். கதவு திறந்தபோது உள்ளே இரண்டு பேர் உரக்க வாக்குவாதம் செய்துகொண்டிருந்தது தெரிந்தது. அதுவரை என் காதில் ஒரு வார்த்தையும் விழவில்லை.

தெப்பக்குளத்துப் பக்கம் நீ சொன்ன காரணம் பொய். என் பேச்சு உனக்குக் கேட்டிருக்கவே முடியாது. நான் என்ன சொன்னேன் என்று தெரியாமலே நீ அந்தக் கதவைத் தள்ளியிருக்கிறாய்.

அங்கிருந்து நேரே ஸ்ரீரங்கத்துக்குத்தான் வந்தேன், உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க. நீ வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் சிரித்தாய், அந்த முதல் நாள் சிரிப்பு. "என்னடி, இப்படி வேர்த்துக் கொட்டறது?" என்றாய். கேள்வி நாக்குவரை வந்தது. மோர் கேட்டேன். கொடுத்தாய், குடித்தேன், போயிட்டு வரேன் என்று கிளம்பிவிட்டேன்.

இத்தனை வருஷம் நீ மூடி வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன் என்று உனக்குக் கடைசிவரை சொல்லவில்லை. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம், எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பிடிக்கத்தான். கொடுத்துவிட்டு, ஒன்றும் கொடுக்காதவளைப்போலக் கையை வீசிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகிறவளை என்ன செய்வது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.