சகலையின் மாத்திரை

ஜூன் 11
மூக்கில் ஆக்சிஜன் குழாய், உடம்பில் ஸ்டீராய்டு. மூச்சு வாங்குகிறது, மனசோ கல்யாண வீடு மாதிரி கலகலவென்று இருக்கிறது. கொரோனா வார்டில் எல்லோருக்கும் முடி வெட்டிவிடக் கை துறுதுறுக்கிறது. “இந்த மருந்து சில பேருக்கு இப்படித்தான் பண்ணும். அடங்கிப் படுங்க” என்றார் நர்ஸ்.

பக்கத்துக் கட்டிலில் யார்? சகலை! என் மகள் கல்யாணத்தில் போட்டோ எடுத்து, எல்லாப் படத்திலும் என் தலையை மட்டும் வெட்டிவிட்ட புண்ணியவான். மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. சலூன்காரன் தலையிலேயே கை வைத்தால் சும்மா விடுவேனா?

ஜூன் 12
புது மாத்திரை ஆய்வுக்கு இருவரும் கையெழுத்துப் போட்டோம். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். நல்ல கண்ணாமூச்சி!

ஜூன் 13
மாத்திரையைப் போட்டதும் சகலை முகத்தைச் சுளித்தார். “அப்பா, என்னா கசப்பு!”

என்னுடையதை மென்றே பார்த்தேன். ஒன்றுமே இல்லை. “அப்படின்னா எனக்கு மாவு. போச்சு!” என்று வாய்விட்டே புலம்பிவிட்டேன்.

ஆக்சிஜன் 88. ஸ்டீராய்டையும் மீறிப் பயமாக இருக்கிறது.

ஜூன் 14
நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கை நீண்டு என் மாத்திரைக் கிண்ணத்தை எடுத்தது, இன்னொன்றை வைத்தது. சகலை! மூன்று வருஷத்தில் முதல் பேச்சு:

“என்னுதுதான் நிஜம். சத்தம் போடாம முழுங்குங்க.”

“அப்ப உங்களுக்கு?”

“எனக்கு 93 இருக்கு. போடுங்க சகலை.”

வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லலையே! வெட்கமில்லாம வாயில போட்டு மென்னேன். கசக்கட்டும்னு காத்திருந்தேன் — கசக்கவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டில் உப்பில்லை, காரமில்லை. காபியில் சர்க்கரை இல்லை. அப்போதுதான் உறைத்தது. அட மடையா, செத்தது உன் நாக்கு! சேர்ந்த அன்றே “ருசி தெரியுதா?” என்று டாக்டர் கேட்க, “தெரியலை” என்று சொன்னதே நான்தானே?

சகலையிடம் சொன்னேன். சிரித்தோம், சிரிக்கச் சிரிக்க இருமல், மானிட்டர் அலற, நர்ஸ் ஓடிவர — குட்டு உடைந்துவிட்டது.

ஜூன் 15
டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆய்விலிருந்து இருவரையும் நீக்கிவிட்டார்கள். ஸ்டீராய்டு மட்டும் தொடரும்.

“ரெண்டு மாத்திரையும் ஒரே மாதிரி கசக்கும். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சிருக்காங்க.”

சகலை போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

ஜூன் 19
94! காபி இனித்தது. அழுதுவிட்டேன்.

அக்டோபர் 4
ஆய்வு முடிந்து கடிதம் வந்தது. என்னுடையதுதான் நிஜ மருந்தாம். சகலையுடையது மாவு. அதோடு, அந்த மருந்தால் பெரிதாக யாருக்கும் பலன் இல்லையாம்!

மூன்று வருஷத்துக்குப் பிறகு இன்று சகலை என் சலூன் நாற்காலியில். வெட்டிக்கொண்டே கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

“ஐயோ, அப்ப உங்களுக்கு நான் மாவையா குடுத்தேன்? மன்னிச்சிடுங்க சகலை” என்றார், நிஜமாகவே கலங்கி.

கண்ணீர் மறைத்தது. கத்தரி சறுக்கி, இடது காதுக்கு மேலே ஒரு கொத்து போய்விட்டது.

கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தார். “மறுபடியும் ஒரு மூணு வருஷம் பேசாம இருப்போமா?”

வயிறு வலிக்கச் சிரித்தோம். ஓய்ந்த பிறகுதான் கவனித்தேன், இரண்டு பேருக்கும் இருமல் வரவில்லை.