கரண்டி பிடித்தவர் பெயர்

2025 மார்ச் 5, புதன்

நோன்பு மாதம் வந்தால் என் புருஷன் பாயிஸ் எனக்குச் சொந்தமில்லை. பின்னேரம் அஸர் தொழுத கையோடு பள்ளிக்குப் பின்னாலுள்ள கஞ்சிக் கொட்டிலுக்கு ஓடிவிடுவார். படகு கரையில் கிடக்கும். மனிதர் பிறை நலன்புரிச் சங்கத்தின் பெரிய கஞ்சிக் கிடாரத்துக்குக் காவல் நிற்பார். நான் வீட்டிலிருந்து வெங்காயமும் பூண்டும் உரித்து அனுப்புகிறேன்.

சங்கத்தில் ஒரு வழக்கம். வேலை செய்கிறவர்கள் பெயரை எழுதவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். பெயர் வெளியே வந்தால் நன்மை குறைந்துவிடும் என்பது தலைவர் அத்தாஉல்லா ஹாஜியாரின் எண்ணம்.

"ஒங்கட பேர எனக்காவது சொல்லலாமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒரு கூடை வெங்காயம் உரிக்கலாம். அவரிடம் சொல்லமாட்டேன்.

2025 மார்ச் 12, புதன்

கஞ்சி கொட்டிவிட்டது. அன்னலட்சுமி அக்காவின் காலில்.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். உப்பளத்தில் கூலி வேலை. வருசா வருசம் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு முதல் ஆளாக வந்து நிற்பார். கிடாரம் ஏற்றி வைத்திருந்த நீளப் பலகை வாங்கில் ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், எவரும் திருத்தவில்லை. இன்றைக்குச் சாக்கு நழுவிவிட்டது. கரண்டியோடு நின்றவர் இவர், என் புருஷன்.

அக்காவைத் தூக்கி ஓட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் இவர்தான். கொண்டுவந்தது யாரென்று கேட்டதற்குத் தன் பெயரையும் விலாசத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். நோன்பு திறக்கத் தண்ணீர் மட்டும் குடித்தார். ஈச்சம்பழம் கையிலேயே இருந்தது.

2025 மார்ச் 13, வியாழன்

எங்கள் ஊர் கண்டக்குழி முழுக்க "ஆருட கை பட்டிச்சு?" என்பதே கதை. வாங்கைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

2025 மார்ச் 20, வியாழன்

தினமும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். எனக்கு ஒருநாளாவது தோடம்பழம் வாங்கியிருப்பாரா? நேற்று கேட்டேன். இன்றைக்கு இரண்டு பை வாங்கிவந்தார். இப்படிப்பட்ட மனிதரோடு சண்டை பிடிப்பதும் சிரமம்.

2025 ஏப்ரல் 9, புதன்

சட்டத்தரணியின் கடிதம் வந்திருக்கிறது. அன்னலட்சுமி அக்காவின் மகன் றஜீவன் அனுப்பியது. பாலாவியில் லொறி ஓட்டுகிறவன். இவருடைய கவனயீனத்தால் தாயின் கால் வெந்ததாம், இவர் நட்டஈடு கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் வழக்கு. கடிதத்தில் சங்கமே இல்லை. இவர் மட்டும்.

ஏன் இவர் மட்டும்? எங்களுக்கு ஈக்கிறது அந்தப் படகு ஒண்டுதான். அத வித்துக் குடுத்திட்டு என்னத்தத் திங்கிற? கஞ்சி ஊத்தினதுக்கா இது —

"கிடாரம் என்ட பொறுப்புல ஈந்திச்சு புள்ள," என்கிறார். ஆர் குடுத்த பொறுப்பு?

2025 ஏப்ரல் 12, சனி

புத்தளத்துக்குப் போய் இவருடைய மாமி மகள் லெய்லாவைப் பார்த்தோம். அவள் சட்டத்தரணி. கடிதத்தை வாசித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "ராத்தா, நல்லது செய்யப் போனவரெண்டு கோர்ட்டுல தனியா ஒரு பாதுகாப்பும் இல்ல. கவனமில்லாம நடந்தாரெண்டு காட்டினா அவர்தான் பதில் சொல்லணும். சங்கம் முன்னுக்கு வந்து, இவர் எங்கட வேலயத்தான் செஞ்சாரு, நாங்க பொறுப்பெண்டு சொன்னா கதை வேற. அவர் அங்க வேல செஞ்சதுக்கு எழுத்துல ஏதாவது ஈக்கா?"

ஒன்றும் இல்லை. எழுதாமலிருப்பதுதானே எங்கள் பெருமை.

"அப்ப அவர் தன்பாட்டுல கரண்டி புடிச்ச ஆள்."

பிறகு இவரைப் பார்த்து, அக்கா வீட்டுப் பக்கம் போகவேண்டாம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வீர்கள் என்றாள். ஓம் ஓம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நிக்காஹ் நாளிலிருந்து அறிவேன்.

2025 ஏப்ரல் 14, திங்கள்

வருசப் பிறப்பு. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நாளும் நல்ல நாள், போகாமலிருக்க முடியாது என்று கிளம்பிவிட்டார். வாயை மூட ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

அக்கா காலைக் கதிரையில் தூக்கி வைத்திருந்தார். புண் ஆறவில்லை. அந்தக் காலோடு உப்புத் தண்ணீரில் எப்படி இறங்குவார்? மகன் கோபப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வாயை மூட வந்தவள்தான் வாயைத் திறந்தேன். "தம்பி, ஏன் இவருக்கு மட்டும் கடிதம்?"

றஜீவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நான் முதல் உங்கட தலைவரிட்டத்தான் போனனான். 'இங்க பொறுப்பெண்டு ஒருத்தரும் இல்ல தம்பி, எல்லாரும் அல்லாஹ்வுக்காகச் செய்யிற' எண்டார். அப்ப நான் ஆரைக் கேக்கிறது? ஆஸ்பத்திரிப் பதிவில இருந்தது ஒரேயொரு பேர்."

ஹாஜியார் பணிவாகச் சொல்லியிருக்கிறார். இவன் காதில் அது கைகழுவலாக விழுந்திருக்கிறது. அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் மற்றவர்களைப்போல விலகி நின்றிருந்தால் இவருக்குக் கடிதமே வந்திருக்காது. திரும்பி வரும்போது அழுதேன். இவர் தோடம்பழம் வேண்டுமா என்று கேட்டார்.

2025 ஏப்ரல் 24, வியாழன்

நாளை சங்கக் கூட்டம். பெண்களுக்கு அங்கே இடமில்லை. அதனால் இன்றைக்கே ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அலீமா ராத்தா தேத்தண்ணீர் ஊற்ற, நான் கேட்டேன்: "நன்மைக்குப் பேர் வேணாம், சரி ஹாஜியார். கஞ்சி கொட்டினதுக்கு மட்டும் ஏன் ஒரு பேர்?"

"நான் அந்தப் பொடியனத் தட்டிவிடணுமெண்டு சொல்லல்ல புள்ள," என்றார் ஹாஜியார்.

"எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதே."

2025 ஏப்ரல் 25, வெள்ளி

சங்கத்தின் வேலையைச் செய்யும்போது எவருக்கு என்ன வந்தாலும் சங்கமே பொறுப்பு என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மாட்டிக்கொள்வோம் என்று சிலர் எழுந்து போய்விட்டார்களாம். ஹாஜியார் தன் பெயரை முதலில் எழுதினாராம். பிறகு இவரையும் கூட்டிக்கொண்டு றஜீவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்: "வாங்கும் எங்கட. கிடாரமும் எங்கட. இவரும் எங்கட ஆள்தான்."

2025 மே 19, திங்கள்

லெய்லா தொலைபேசி எடுத்தாள். அக்காவின் மருந்துச் செலவும் இழந்த கூலியும் சங்கத்தின் பொறுப்பு. இவர்மேல் வழக்கில்லை.

நான் துள்ளினேன். இவர் சொன்னது: "இனி நான் கரண்டி புடிக்க மாட்டன்."

2026 பெப்ரவரி 20, வெள்ளி

நோன்பு தொடங்கிவிட்டது. கொட்டிலில் புது வாங்கு, கிடாரத்தைச் சுற்றிக் கயிறு. வேலை செய்கிறவர்கள் பெயர்களை எழுதியாகிவிட்டது. வெங்காயம் உரிக்கிறவர்கள் பெயரும் வேண்டுமென்று ஹாஜியார் சொல்லியனுப்ப, என் பெயரும் ஏறிவிட்டது. இனி நான் விரலை வெட்டிக்கொண்டாலும் சங்கம் பார்க்கும்.

இவர் மட்டும் பின்னால் விறகு பிளந்துகொண்டு நின்றார். அஸருக்குப் பிறகு நானும் எட்டிப் பார்க்கப் போனேன். றஜீவன் மோட்டார் சைக்கிளில் அக்காவைக் கொண்டுவந்து இறக்கினான். கரண்டியோடு வேறொருவர் நிற்பதைக் கண்ட அக்கா, தூக்குச்சட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பாயிஸ் தம்பி எங்கை?"

கூப்பிட்டார்கள். வந்தார். தலை நிமிரவில்லை. "வேணாம் அக்கா. என்ட கை..."

"ஊத்தும் தம்பி. எனக்கு மற்றக் கால் இருக்குத்தானே."

முதலில் சிரித்தவன் றஜீவன். பிறகு ஹாஜியார், பிறகு எல்லோரும். இவர் கரண்டியை வாங்கினார். சட்டி நிரம்பியது.

வீட்டுக்கு வந்து ஈச்சம்பழத்தால் நோன்பு திறந்தார். இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.